எட்டால் வகு

கொம்தார் பக்கம், நாலாம் மாடி.
ஊய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போய்விட்டார்.
மேசையில் ஐம்பது ஊசிப் பட்டைக் கம்பி,
அதன் நுனியில் செங்கல் கனத்தில் ஒரு ஹார்ட் டிஸ்க்:
நான்கு புள்ளி மூன்று கிகாபைட்.
பிறையில் இழுத்து மூடிய ஆலையின் சம்பளக் கணக்கு
அதற்குள் எங்கேயோ.

எங்கே என்று அதற்கே தெரியாது.
பொருளடக்கம் இருந்த தடம் தேய்ந்து போயிற்று.
முதலிலிருந்து கடைசிவரை படித்து முடித்தால்தான்
ஒரு பெயராவது கிடைக்கும்.

ஏழு நாற்பதுக்குக் கோலாலம்பூரிலிருந்து தவமலர்:
"பன்னிரண்டுக்குள்ள அனுப்பிடுங்க,
காலையில ஒன்பதுக்கு விசாரணை.
எங்க ஆபீஸ்ல ஆயிரம் லைன், உங்க கடையிலயும் அதேதானே?
அரை நிமிஷ வேலைக்கு ஏன் இழுக்கிறீங்க?"

ஆயிரம்தான், மறுக்கவில்லை.
லைன் பேசுவது பிட்டில். டிஸ்க் பேசுவது பைட்டில்.
ஒன்றுக்கு மேல்விலங்கு, மற்றதற்கு இணைக்கொம்பு,
இடையே எட்டு மடங்கு.
பைட்டை எட்டாய்ப் பிட்டால் பிட்.
உங்கள் ஆயிரத்தை எட்டால் வகுங்கள்,
நூற்றிருபத்தைந்து மெகாபைட்.
முப்பத்து நாலு விநாடி. நீங்கள் சொன்னது சரி.
இந்தப் பழைய ஸ்கஸியின் ஐந்தை
எட்டால் பெருக்குங்கள், நாற்பது.
அது புதிதில், காகிதத்தில்.
இன்றிரவு இது விநாடிக்கு முந்நூறு கிலோபைட் தருகிறது,
உங்கள் பாஷையில் இரண்டரைக்கும் குறைவு.
ஆயிரம் லாரி போகும் பாலத்தில்
இரண்டரை லாரி.
நான்கு மணி நேரம், ஒரு நிமிடம் குறைய.

பிட்டுப் பிட்டு வைத்தேன்.
"அந்த எட்டு எங்கேருந்து வந்துச்சு?"
ஓர் ஆங்கில எழுத்தை எழுத எட்டுப் பிட்.
"தமிழுக்கு?"
இருபத்து நாலு. தலையில் புள்ளி வைத்தால் நாற்பத்தெட்டு.
சிரித்தார். போனை வைத்தார்.

பட்டையின் கடைசியில் ஒரு முடிப்பான் செருக வேண்டும்,
மறந்தால் சொன்ன சொல் முனையில் மோதித்
திரும்பி வந்து அடுத்த சொல்லைக் குழப்பும்.
செருகியிருந்தேன். மறுபடி தொட்டுப் பார்த்தேன்.
கீழே சாலையில் மழை.
கோப்பி ஓ ஆறி, ஆடை கட்டியது.

பதினொன்று பத்துக்கு நின்றது.
டக். டக்.
ஒரே இடத்தை ஒன்பது நிமிடம் தடவிக்கொண்டிருந்தது.
அந்த ஆலையில் நடந்ததும் இதே வேலைதான்:
நுண்ணோக்கிக்குக் கீழே குனிந்து
படிக்கும் முனையைக் கம்பித் தண்டில் ஒட்டுவது.
இதை ஒட்டிய கையும்
இதற்குள்ளேயே இருக்கலாம், ஊழியர் எண்ணாக.
கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.
தானாகவே தாண்டியது.

பதினொன்று நாற்பத்தெட்டு. முடிந்தது.
நாலு கிகாவைச் சலித்ததில்
தேவைப்பட்டது அறுநூற்றுப் பதினொரு கிலோபைட்.
பெயருக்குப் பத்தே எழுத்து இடம் விட்டிருக்கிறார்கள்.
இருநூற்றேழாவது வரி: அமிர்தவல்.
லி விழுந்துவிட்டது.
மிகைநேரம்: அறுபத்தொரு மணி.
கொடுத்தது: சுழியம்.
ஒரு சுழியத்தை எழுதவும் எட்டுப் பிட் ஆகும்,
அதை மட்டும் தவறாமல் செலவழித்திருக்கிறார்கள்,
முந்நூற்றுப் பன்னிரண்டு வரிக்கும்.

அனுப்பினேன்.
கணக்குப்படி, இமைப்பொழுதை இருபதாய்ப் பிட்டால்
அதில் ஒன்று.
விரலை எடுக்குமுன்
கடல் தாண்டிப் போயிருந்தது.

தவமலரிடமிருந்து:
"வந்துட்டு.
இவ்ளோ சின்னதா?"